பெயர் போட்ட ஸ்டிக்கர், கேக் டாப்பர், ரிட்டர்ன் கிஃப்ட்: கட்டிங் மெஷின் வாங்கினால் பக்க வருமானம் நிஜமாகவே வருமா?

இன்ஸ்டாகிராமில் இந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. மேசை மேல் ஒரு சின்ன மெஷின். ஒரு வினைல் ஷீட் உள்ளே போகிறது, சர்ரென்று ஒரு சத்தம், 'ஆதிரா' என்ற பெயர் வெட்டுப்பட்டு வெளியே வருகிறது. அதை ஸ்டீல் பாட்டிலில் ஒட்டி, ரிப்பன் கட்டி, 'ஆபீஸ் வேலையோடு சேர்த்து வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்' என்ற வரியோடு முடிகிறது. மொத்தம் 30 விநாடி.

வீடியோவில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மணி நேர வேலை அதில் இல்லை. 30,000, 40,000 ரூபாய் போட்டு மெஷின் வாங்கலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிக்கப்போவது அந்த ஒரு மணி நேரம்தான். கூடவே இன்னொன்று: உங்கள் பார்சல் மாநில எல்லையைத் தாண்டுகிறதா, இல்லையா?

இது என்ன மெஷின்?

பேனாவுக்குப் பதிலாகக் கத்தி பொருத்திய பிரிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியிலோ போனிலோ நீங்கள் வரைந்த கோட்டின் மேல் கத்தி ஓடும். நம்மூர் ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் 'ப்ளாட்டர்' என்ற பெயரில் பல வருடமாக நடப்பதும் இதே வேலைதான். அதை வீட்டு மேசைக்கு ஏற்ற அளவில் சுருக்கி, ஒரு செயலியோடு சேர்த்து விற்கிறார்கள்: கிரிகட் (உச்சரிப்பு நம் கிரிக்கெட் மாதிரியேதான்), சில்லவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்என்கட்.

ஒட்டும் வினைல், துணியில் சூடு வைத்து ஒட்டும் எச்டிவி வினைல், கெட்டிக் காகிதம், ஸ்டிக்கர் பேப்பர் எல்லாம் இதில் அழகாக வெட்டுப்படும். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் வெட்டுப்படாது. எம்டிஎஃப் பலகைக்கும் இது சரிப்படாது. 'அக்ரிலிக் நேம் போர்டு செய்து தருவீர்களா?' என்று கேட்டு வரும் ஆர்டருக்கு லேசர் மெஷின் வேண்டும். அதனால் பலர் வெட்டிய அக்ரிலிக் துண்டை லேசர் கடையில் வாங்கி, அதன் மேல் பெயரை மட்டும் வினைலில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 'லேசர்லயே வினைலையும் வெட்டிடலாமே' என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரும்பாலான ஒட்டும் வினைல் என்பது பிவிசி. லேசர் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும்.

சரி, கணக்கைப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது கணக்கின் போக்கை.

மெஷின் 35,000 ரூபாய். கத்தி, மேட், கொக்கி, சூடு வைக்கும் கருவி, முதல் சுற்று வினைல் எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000. மொத்தம் 45,000. மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 1,250 ரூபாய். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் இது செலவு.

இப்போது அந்த ஒரு பாட்டில் ஸ்டிக்கர். விலை 150 ரூபாய். வினைல், டிரான்ஸ்ஃபர் டேப், கவர் சேர்த்து 35 ரூபாய். கூரியர் கட்டணம் வாடிக்கையாளருடையது. உங்கள் கையில் நிற்பது 115 ரூபாய். நேரம் எவ்வளவு? வாட்ஸ்அப் பேச்சு 10 நிமிடம் ('அக்கா, பிங்க் வேணாம், பீச் கலர்ல கிடைக்குமா?'). டிசைன் 10. ஷீட் ஏற்றி வெட்ட 5. வேண்டாத வினைலைக் கொக்கியால் உரித்தெடுக்க 8. டேப்பில் ஏற்ற 5. பேக்கிங் 7. கூரியர் கடைக்குப் போய் வர 15. மொத்தம் 60 நிமிடம். அதில் மெஷின் வேலை செய்தது வெறும் 5.

மாதம் இப்படி 10 ஆர்டர் வந்தால் 1,150 ரூபாய். மெஷின் செலவு 1,250. பத்து மணி நேரம் உழைத்து, 100 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

அதே மெஷினில் ஒரு பிறந்தநாள் ஆர்டரைப் பாருங்கள். 40 குழந்தைகளுக்கு 40 பெயர் ஸ்டிக்கர், ஒன்று 40 ரூபாய். மொத்தம் 1,600. பொருள் செலவு ஒன்றுக்கு 8 ரூபாய் வீதம் 320, பேக்கிங் 40. மீதி 1,240. பேச்சு 20 நிமிடம், பெயர்ப் பட்டியலோடு டிசைன் 40, வெட்ட 30, உரிக்க 80, பேக்கிங் 20, கொண்டுபோய்க் கொடுக்க 20. மூன்றரை மணி நேரம். மாதம் இப்படி நான்கு ஆர்டர் கிடைத்தால், மெஷின் செலவு போக 3,710 ரூபாய், 14 மணி நேரத்துக்கு. மணிக்குச் சுமார் 265.

இரண்டாவது கணக்கில் ஒரு ஸ்டிக்கரின் விலை கால்வாசிக்கும் கொஞ்சம்தான் மேலே. ஆனாலும் லாபம் அங்கேதான் இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சும் கூரியர் நடையும் 40 ஸ்டிக்கருக்குப் பங்கு பிரிந்துவிடுகின்றன. ஆகவே 'ஒரு பீஸ் என்ன விலை?' என்பதைவிட 'குறைந்தபட்சம் எத்தனை பீஸ்?' என்பதுதான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது. ஒற்றை ஆர்டர் எடுப்பதென்றால் டிசைன் கட்டணத்தைத் தனியாகப் போடுங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பொருள் செலவிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. 12 அங்குல மேட்டில் கத்தி உண்மையில் ஓடும் இடம் சுமார் 11.5 அங்குலம்தான். 3 அங்குலச் சதுர ஸ்டிக்கர் என்றால் வரிசைக்கு மூன்று, ஷீட்டுக்கு 9. அதையே 2.75 அங்குலமாகக் குறைத்தால் வரிசைக்கு நான்கு, ஷீட்டுக்கு 16. கால் அங்குலம் குறைந்ததை வாடிக்கையாளர் கவனிக்கக்கூட மாட்டார்.

யாரிடம் விற்பது?

500 அழைப்பிதழ் வேண்டும் என்பவர் உங்களிடம் வர மாட்டார், வரவும் வேண்டாம். சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்களோடு விலையில் மோத முடியாது. பெரிய இயந்திரத்துக்கு ஆயிரம் பிரதி என்பது ஒரே வேலை. ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு பெயர் என்றால் அதன் வேகம் பயன்படாது. உங்கள் இடம் அந்தச் சந்துதான்: 10 முதல் 50 வரை, ஒவ்வொன்றிலும் வேறு பெயர்.

வளைகாப்பு, பெயர் சூட்டு விழா, காதுகுத்து, முதல் பிறந்தநாள், அபார்ட்மெண்ட் கொலு, ஆபீஸ் டீமுக்குத் தீபாவளிப் பரிசு. எல்லாமே இந்த அளவுக்குள் வருபவை. காலண்டரும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் அநேகமாகக் கிடையாது. அதே சமயம் ஜூனில் பள்ளி திறக்கும்போது டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், நோட்டுப் புத்தகத்துக்குப் பெயர் ஸ்டிக்கர் கேட்டு வருவார்கள். ஆடி முழுக்க மெஷின் சும்மா இருந்தாலும் அந்த 1,250 ரூபாய் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வினைல் ஒட்டிய கோப்பைகளில் ஓர் எச்சரிக்கை. ஒட்டும் வினைல் உணவு படும் இடத்துக்கானதல்ல. உதடு படும் விளிம்பிலிருந்து தள்ளி, வெளிப்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். கேக் டாப்பரிலும் அட்டை நேரடியாகக் கிரீமில் பட வேண்டாம், குச்சி மட்டும் இறங்கட்டும். பாட்டிலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டி, ஓரிரு நாள் தண்ணீர் படாமல் வைக்கச் சொல்லுங்கள். டி-ஷர்ட் என்றால் 24 மணி நேரம் கழித்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் துவைக்க வேண்டும். இதை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பார்சலில் போட்டால் 'உரிஞ்சு வந்துடுச்சு' என்ற பாதிப் புகார்கள் வராது.

தமிழில் வெட்டத் தெரிந்தால் கூட்டம் குறைவு

பெங்களூரிலோ புனேயிலோ ஆங்கிலத்தில் பெயர் வெட்டித் தர நிறையப் பேர் இருப்பார்கள். தமிழில் சுத்தமாக வெட்டித் தருபவர் சிலர்தான். காரணம் தொழில்நுட்பம். கட்டிங் மெஷின் செயலிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நிற்கலாம். 'ஸ்ரீ' உடைந்து வரலாம்.

இதற்கு வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் யூனிகோடில் பெயரைத் தட்டுங்கள். 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றுங்கள். பிறகு 'யூனியன்' கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் பகுதிகளைச் சேர்த்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து மெஷின் செயலியில் ஏற்றுங்கள். இனி அது எழுத்தல்ல, வெறும் வடிவம். எந்த மெஷினும் அதைக் குழப்பாது.

எழுத்துருவுக்கும் காசு தேவையில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் பலூ தம்பி, கவிவாணர், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் வெளியானவை. அவற்றால் செய்த பொருளை விற்கலாம். இதில் பலூ தம்பி தடிமனானது, வெட்டுவதற்குச் சொல்லி வைத்தது போல இருக்கும். மெல்லிய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் ண, ன போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் குட்டி வட்டத்தை உரித்தெடுக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

அப்புறம் புள்ளி. 'கார்த்திக்' என்ற பெயரில் மூன்று புள்ளிகள். வினைல் ஸ்டிக்கரில் உரிக்கும்போது அவையும் சேர்ந்து வந்துவிடாமல் பார்க்க வேண்டும். அட்டை கேக் டாப்பரிலோ அந்த மூன்றுக்கும் பிடிமானமே இருக்காது, கீழே விழுந்துவிடும். பின்னால் ஒரு நிழல் அட்டை கொடுங்கள், அல்லது புள்ளியை எழுத்தோடு தொடும்படி கொஞ்சம் இறக்குங்கள். வீடியோவில் 'ஆதிரா' அவ்வளவு அழகாக வந்ததற்கு ஒரு காரணம், அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, பெயரை வாடிக்கையாளரே தமிழில் எழுதி அனுப்பட்டும். ஆங்கிலத்தில் வந்த பெயரைப் பார்த்து அது 'ஸௌம்யா'வா, 'சௌமியா'வா என்று நீங்கள் ஊகிக்கக் கூடாது. டிசைன் படத்தை அனுப்பி, 'சரி' என்று எழுத்தில் பதில் வந்த பிறகே மெஷினைத் தொடுங்கள். பெயர் போட்ட பொருள் திரும்பி வந்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது. பாதித் தொகையை முன்பணமாக வாங்குவதும் இதனால்தான்.

மெஷின் உங்களுடையது, செயலி அவர்களுடையது

2021 மார்ச்சில் கிரிகட் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்த டிசைன்களைத்தான் ஏற்ற முடியும். ஏற்கெனவே காசு கொடுத்து மெஷின் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. அந்தத் திட்டம் போய்விட்டது. ஆனால் அந்த மெஷின் அந்த நிறுவனத்தின் செயலியையும் கணக்கையும் நம்பித்தான் ஓடுகிறது என்ற உண்மை அப்படியேதான் இருக்கிறது. எந்த பிராண்டாக இருந்தாலும் வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள். இணையம் இல்லாமல் வெட்டுமா? இலவசப் பதிப்பிலேயே எஸ்விஜி திறக்குமா? கத்தியும் மேட்டும் உங்கள் ஊரில் கிடைக்குமா? மெஷின் வாங்காமலேயே சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. முதல் சில ஆர்டர்களை உங்கள் எஸ்விஜி கோப்போடு ஒரு ரேடியம் கடையில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். உரிப்பதும் ஒட்டுவதும் உங்கள் வேலை. மாதம் மூன்று, நான்கு மொத்த ஆர்டர் நிஜமாகவே வருகிறதா என்பது 35,000 ரூபாய் போடாமலேயே தெரிந்துவிடும்.

எந்த ஆர்டரை எடுக்கக் கூடாது?

ஐபிஎல் அணி லோகோ, கார்ட்டூன் பாத்திரம், பிராண்ட் சின்னம். அதிகம் கேட்கப்படுபவை இவைதான், அதிகம் மாட்டிவிடுபவையும் இவைதான். பதிவான வணிகச் சின்னத்தைப் பொய்யாகப் பயன்படுத்தினால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்கும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் இடம் இருக்கிறது. நடிகர் முகமும் பாதுகாப்பானதல்ல. தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ரஜினிகாந்த் ஒரு இந்திப் படத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 'எல்லாரும்தான் விக்கிறாங்க' என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது.

வாகன ஸ்டிக்கரில் நம்பர் பிளேட் பக்கமே போகாதீர்கள். தனியார் வாகனங்களில் 'பிரஸ்', 'போலீஸ்', 'அட்வகேட்' போன்ற ஸ்டிக்கர்களுக்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள்.

பார்ட்டி அலங்காரம் செய்பவர்கள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கும் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் பலூன் குச்சி, பிளாஸ்டிக் கொடி, அழைப்பிதழ் மேல் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிம், 100 மைக்ரானுக்குக் குறைவான பேனர் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன.

பலருக்குத் தெரியாதது பொம்மை விதி. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளை விற்க 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பாட்டிலில் பெயர் ஒட்டுவது வேறு. பெயர் எழுத்துகளை வெட்டி, குழந்தைக்குப் புதிர் விளையாட்டாக விற்பது வேறு.

ஜிஎஸ்டி: 40 லட்சம் என்பது பாதிக் கதை

'வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பொருள் விற்பனைக்குத் தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா போன்ற பெரும்பாலான மாநிலங்களில் அது சரி. தெலங்கானாவிலும் புதுச்சேரியிலும் வரம்பு 20 லட்சம்.

ஆனால் அந்த வரம்பு மாநிலத்துக்குள் விற்பவர்களுக்குத்தான். வரி விதிக்கத்தக்க பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு சேலத்து அத்தை வீட்டு விசேஷத்துக்கு 40 ஸ்டிக்கரை விலைக்கு அனுப்பினாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினாலும் அப்படியே. பட்டியலிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு, அவை பெரும்பாலும் கையால் செய்யப்பட்டிருந்தால், இதில் சலுகை உண்டு. மெஷின் வெட்டிய வினைல் ஸ்டிக்கரை அதற்குள் நுழைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆன்லைன் விற்பனைத் தளங்களில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால் பதிவு இல்லாமல், ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம். தொடக்கத்தில் நம் ஊருக்குள்ளேயே விற்பதில் இப்படியொரு வசதி இருக்கிறது. கூரியர் செலவும் மிச்சம்.

உதயம் பதிவு வேண்டுமானால் அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

வருமான வரியும் ஆபீஸும்

இந்த வருமானம் வணிக வருமானம். சம்பளம் மட்டும் வாங்கியபோது தாக்கல் செய்த ஐடிஆர்-1 இனிச் செல்லாது. சிறு வியாபாரத்துக்கான ஊக வருமான முறையை, அதாவது 44ஏடி என்று எல்லோரும் அறிந்ததை, எடுத்துக்கொண்டால் ஐடிஆர்-4 போதும். வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதத்தையும், ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் வருமானமாகக் காட்ட வேண்டும். யுபிஐ-யில் 3 லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தால் குறைந்தபட்சம் 18,000.

இதில் ஒரு கண்ணி உண்டு. சம்பளம் மட்டும் உள்ளவர் பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம். வணிக வருமானம் சேர்ந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழைய முறைக்குப் போய்விட்டு ஒருமுறை புதியதுக்குத் திரும்பினால், அந்த வணிகம் இருக்கும்வரை மறுபடி பழையதுக்கு வர முடியாது. வீட்டுக் கடன் வட்டி, 80சி என்று பழைய முறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு, மாதம் 3,710 ரூபாய் சம்பாதிக்கப் போய் அதைவிடப் பெரிய வரிச்சலுகை கைநழுவலாம். மெஷின் வாங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பல கடைகளில் யுபிஐ ஸ்டிக்கரையே கிழித்துவிட்டார்கள். நண்பர்கள் பிரியாணிக்கு அனுப்பிய பங்கும், ரூம்மேட் தந்த வாடகையும், ஸ்டிக்கர் காசும் ஒரே கணக்கில் இருந்தால், எது எது என்று பின்னால் பிரித்துக்காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை நீக்கியதாகச் சொன்னது போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததற்காக. பெயர் ஸ்டிக்கர் யாருக்கும் போட்டியில்லை. ஆனாலும் பல ஒப்பந்தங்களில் 'வேறு எந்தத் தொழிலும்' என்ற சொற்கள் இருக்கும். அதற்குள் இதுவும் வரும். இன்ஃபோசிஸ் அதே ஆண்டு அக்டோபரில், முன்அனுமதி வாங்கிப் பகுதிநேர வேலை செய்யலாம் என்று ஊழியர்களுக்குத் தெரிவித்தது. உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒரு வழி இருந்தால், எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி முன்அனுமதி இல்லாமல் வணிகமே செய்யக் கூடாது.

'அப்ப என் வொய்ஃப் பேர்ல போட்டுடறேன்' என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நீங்கள் கொடுத்த பணத்தில் அவர் மெஷின் வாங்கித் தொழில் நடத்தினால், அந்த முதலீட்டின் விகிதத்தில் வரும் லாபம் வரிக்கு உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். அவர் தன் சொந்தப் பணத்தில் தொடங்கி, தானே நடத்துகிறார் என்றால் அது அவர் தொழில்; வாட்ஸ்அப்பில் பீச் கலர் கேட்பவருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.